உம்மம்மாவின் 11 நிமிடமும் எங்கள் கடதாசிகளும்

வழமைபோல நீண்ட பதிவுதான். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். சோனகதெரு, ஐந்து சந்திப் பக்கம் திரும்பி வந்து இருக்கிறவர்களும், இன்னமும் புத்தளத்தில் இருக்கிற எங்கள் ஆட்களும் கடைசிப் பந்தியைத் தவறவிட வேண்டாம்.

2018 நோன்பு காலம். ஒரு நாள் அஸருக்குப் பிறகு உம்மம்மாவைப் பிடித்து இருத்தி, 1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த கதையைச் சொல்லச் சொல்லி என் போனில் பதிந்தேன். நடுவில் அடுப்பில் கஞ்சி இருந்தது ஞாபகம் வந்து எழும்பிப் போய்விட்டார். நான் நிறுத்தி, அவர் வந்த பிறகு மறுபடி பதிந்தேன். முதல் துண்டு 4 நிமிடம், இரண்டாவது 7 நிமிடம்.

2020 இல் கொரோனா வந்து பாடசாலைகளை மூடினார்கள். வட்ஸ்அப்பில் பாடம் நடத்தினோம். 40 பிள்ளைகள் கொப்பியைப் படம் பிடித்து அனுப்பினால் ஒரு போன் என்ன பாடுபடும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இடமில்லை, இடமில்லை என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் இரவு, எது பெரிய ஃபைல் என்று போன் வரிசைப்படுத்திக் காட்டிய பட்டியலை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த நாள் தரம் 8 வரலாற்றுப் பாடத்துக்கு இடம் கிடைத்தது. உம்மம்மா 2021 இல் மௌத்தான பிறகுதான் அந்தப் பதிவைத் தேடினேன். வரலாற்றுப் பாடம் நடத்துவதற்காக வரலாற்றை அழித்த ஆசிரியை நான். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்று மனிதர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள்? போன் வந்த பிறகு வந்த கேள்வி அல்ல இது. எங்கள் ஊரில் இது பல தடவை கேட்கப்பட்டிருக்கிறது. ஒரு தடவை இரண்டு மணித்தியால அவகாசத்தில் கேட்கப்பட்டது.

1990 ஒக்டோபர் 30. விவரம் எல்லாருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. எல்லாரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். சாவகச்சேரி ஆட்களை அதற்கு இரண்டு வாரம் முன்னமே அனுப்பிவிட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அந்த மாதம் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். வழியில் நகையும் பணமும் பறிபோனது.

எங்கள் வீட்டில் யார் எதை எடுத்தார்கள் என்று பல தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது ஒரு வயது. உம்மா எடுத்தது என்னையும், என் பால்மா பேணியையும், சுடுதண்ணிப் போத்தலையும். வாப்பா வீட்டுத் திறப்பை எடுத்தார். பூட்டிவிட்டு வந்தாராம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணக் கடுத்தம், குடும்பப் படங்கள் எல்லாம் அலுமாரியில், பட்டுச் சீலைகளுக்குக் கீழே கிடந்தன. அலுமாரியையும் பூட்டிவிட்டுத்தான் வந்தார்கள். பத்து நாளில் திரும்பி வருவோம் என்று நினைத்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தே விட்டுவிட்டு வந்தது அது.

உம்மம்மாவின் சுருக்குப்பையில் ஒன்றே ஒன்று இருந்தது: கூப்பன் மட்டை. முதல் நாள் சங்கக்கடைக்குப் போனவர் எடுத்து வைக்க மறந்துவிட்டார். புத்தளத்தில் நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம், எத்தனை பேர் என்று கேட்டபோது எங்கள் குடும்பத்திடம் காட்டுவதற்கு இருந்த ஒரே எழுத்து அந்த அட்டைதான். பெறுமதியானது என்று பூட்டி வைத்ததெல்லாம் போய்விட்டது. மறதியில் வந்தது எங்களுக்குச் சாட்சியானது.

கல்வியியற் கல்லூரி முடித்த பிறகு ஆவணக் காப்பகங்களைப் பற்றி வாசிக்கும்போது இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பிரித்தானியாவின் ஆவணக் காப்பாளர் ஹிலரி ஜென்கின்சன் 1922 இல் ஒரு கைநூல் எழுதினார். எதை வைப்பது, எதை எறிவது என்று ஆவணக் காப்பாளர் தெரிவு செய்யவே கூடாது என்பது அவர் கட்சி. தெரிவு செய்தால் அவருடைய விருப்பு வெறுப்பு வரலாற்றுக்குள் நுழைந்துவிடும். கந்தோர்க்காரர் தங்கள் தேவைக்கு எதை வைத்திருக்கிறார்களோ, அதை அப்படியே காக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்காவில் மலைபோலக் கடதாசி குவிந்தது. எல்லாவற்றையும் வைத்திருக்க எந்தக் கட்டடமும் போதாது. அங்கே டி. ஆர். ஷெலன்பேர்க் என்பவர் 1956 இல் எழுதிய நூலில் தெரிவு செய்தே ஆக வேண்டும் என்றார். ஒரு கடதாசி எந்த வேலைக்காக எழுதப்பட்டதோ அந்த வேலை முடிந்த பிறகும், வேறு ஆட்களுக்கு வேறு தேவைக்கு அது பயன்படுமா என்று பார்க்கச் சொன்னார். கூப்பன் மட்டையின் முதல் வேலை அரிசியும் சீனியும் வாங்குவது. இரண்டாவது வேலை நாங்கள் யாழ்ப்பாணத்தார் என்று சொல்வது. முதல் வேலையை மட்டும் பார்த்திருந்தால் 1990 ஒக்டோபரோடு அதைக் குப்பையில் போட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் ஆவணங்களில் 1 முதல் 3 வீதம் வரைதான் நிரந்தரமாக வைக்கப்படுகிறது. மிச்சம் எல்லாம் உரிய காலம் வந்ததும் அழிக்கப்படுகிறது. ஆகவே அழிப்பது பாவமில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன் என்று 30,000 படத்தைப் போனில் அடைத்து வைத்திருப்பவரும் ஒன்றையும் காப்பாற்றவில்லை. அவருக்குப் பிறகு அதை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை.

சரி, அந்தக் காணி உறுதிக்கு என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிலருக்கு இன்னமும் உதவும். 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசு கட்டளைச் சட்டம் ஒரு நல்ல வேலை செய்து வைத்திருக்கிறது. நொத்தாரிசு ஒரு உறுதி எழுதினால் அது ஒரு பிரதியோடு நிற்பதில்லை. மூலப் பிரதி காணிக்காரரிடம் போகும். ஒரு பிரதி நொத்தாரிசின் சொந்தக் கோவையில் இருக்கும். இன்னொரு பிரதியை அவர் அடுத்த மாதத்துக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று இடம், மூன்று கை. இன்றைக்குக் கணினிக்காரர்கள் ஒரு ஃபைலுக்கு மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். எங்கள் நொத்தாரிசுமார் நூறு வருடத்துக்கு மேலாக அதைத்தான் மையால் எழுதிச் செய்துவந்தார்கள்.

எங்கள் வீடு உம்மம்மாவின் சீதனம். உறுதி இலக்கம் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் நொத்தாரிசின் பெயரும் கலியாணம் நடந்த வருடமும் உம்மம்மாவுக்குத் தெரியும். அந்த இரண்டை வைத்துத் தேடித்தான் போர் முடிந்த பிறகு வாப்பா பிரதி எடுத்தார். எல்லாருக்கும் இப்படி வாய்க்கவில்லை. 10 வருடம் எதிர்ப்பில்லாமல் ஒருவர் ஆண்டுகொண்டிருந்தால் காணி அவருடையதாகலாம் என்ற சட்டம், துரத்தப்பட்டவர்களுக்கு எவ்வளவு பெரிய இடியாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல்தான் விசேட சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டு வழக்காடுவதற்கும் காணி உங்களுடையது என்று காட்ட ஏதாவது ஒரு கடதாசி வேண்டும்.

வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 இல் வந்தது. சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் வெளியிட்டது. அதற்கு மூலப்பொருள் பெரும்பாலும் எங்கள் ஆட்களின் வாய்வழிச் சாட்சியம்தான். கடதாசி இல்லாத சனத்துக்கு வாய்தான் ஆவணம். அப்படிப்பட்ட ஒரு வாயின் 11 நிமிடத்தைத்தான் நான் தட்டி அழித்தேன்.

பிரதி என்ற விடயம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஓலைச்சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடி. 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887 இல் கலித்தொகையும் அவர் கையால் அச்சேறின. எடுத்தால் ஓரம் ஒடிகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று அவர் பட்ட பாடு அவருடைய பதிப்புரைகளில் இருக்கிறது. நாங்கள் அதை ஓலையைப் பாதுகாக்கத் தெரியாதவர்களின் குற்றம் என்று நினைக்கிறோம். ஆனால் ஓலை எப்படியும் அழியும். பூச்சி தின்னும், ஈரம் தின்னும். சில தலைமுறைக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் மறுபடி எழுத வேண்டும். பழையதை ஆற்றிலோ நெருப்பிலோ விடுவார்கள். ஆகவே ஒரு நூலை யாரும் எரிக்கத் தேவையில்லை. ஒரு தலைமுறை அதைப் பிரதி பண்ணாமல் சும்மா இருந்தால் போதும், நூல் போய்விடும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கும் இது பொருந்தும். அதன் ஆயுள் ஓலையை விடக் குறைவு.

நூலக எரிப்பையும் நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். 1933 இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கியது வளர்ந்து, 1959 இல் புதுக் கட்டடம் திறந்து, 1981 மே 31 இரவு தொடக்கம் ஜூன் 1 வரை எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும். ஈழநாடு பத்திரிகைக் காரியாலயத்துக்கும் அதே நாட்களில் நெருப்பு வைத்தார்கள். யாழ்ப்பாண வைபவமாலையும் அன்றைக்கு எரிந்துபோனது என்று மேடைகளில் சொல்வார்கள். அங்கிருந்த பிரதி எரிந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் நூல் எரியவில்லை. 1879 இலேயே பிரிட்டோ என்பவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார். பிறகு குல. சபாநாதன் தமிழில் பதிப்பித்தார். பல வீடுகளில் பிரதி இருந்தது. மயில்வாகனப் புலவர் பிழைத்தார். பிரதி இல்லாத சுவடிகளின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, ஆகவே அவற்றுக்காக யாரும் மேடையில் அழுவதுமில்லை.

அயர்லாந்துக்காரர்களுக்கும் இது நடந்தது. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுக் கடதாசி ஒரு பகலில் போனது. சரியாக நூறு வருடம் கழித்து, 2022 ஜூனில், அந்தக் காப்பகத்தை இணையத்தில் மறுபடி கட்டித் திறந்தார்கள். எதை வைத்துக் கட்டினார்கள்? வேறு நாடுகளிலும் வேறு காப்பகங்களிலும் கிடந்த பிரதிகள், யாரோ எப்போதோ எழுதி எடுத்த குறிப்புகள். எங்களுக்கு அதுபோல 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. noolaham என்று ஆங்கில எழுத்தில் அடிக்கத் தேவையில்லை, தமிழில் நூலகம் என்று தேடினாலே வரும். முஸ்லிம் ஆவணகம் என்று தனிப் பகுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மலர்கள், விழா மலர்கள் அதில் எத்தனை இருக்கின்றன, எத்தனை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன என்று நீங்களே பாருங்கள்.

அவசரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

என் பாடசாலையில் கூட வேலை செய்யும் ஒரு தமிழ் ரீச்சர் ஒரு நாள் சொன்னார், அவருடைய அண்ணாவின் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். சோதனைச் சாவடியில் பிடிபட்டால் என்ன செய்வது என்று அம்மா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டாராம். அவர்களுக்கும் ஒரு ஒக்டோபர் 30 இருக்கிறது. 1995 இல் அதே திகதியில்தான் வலிகாமம் முழுவதையும் ஒரே இரவில் எழும்பச் சொன்னார்கள். மழைக்குள்ளே லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தில். எங்களுக்கு வந்த அதே அவசரம், ஐந்து வருடம் பிந்தி. நாங்கள் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து உங்கள் வீட்டில் என்ன எடுத்தீர்கள், எங்கள் வீட்டில் என்ன எடுத்தோம் என்று கதைத்த அன்றைக்கு இரண்டு பாடவேளை போனது. அதிபர் மன்னிக்கவும்.

எங்கள் ஆட்களின் பயம் 2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு வந்தது. வீடு வீடாகச் சோதனை. அரபு எழுத்து இருந்தாலே கேள்வி. எங்கள் மாமா வீட்டில் ஒரு பழைய அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தது. தமிழ்தான், அரபு எழுத்தில் எழுதினது. மூத்த தலைமுறைப் பெண்கள் தமிழ் எழுத்துத் தெரியாவிட்டாலும் இதை வாசிப்பார்கள். எங்கள் தலைமுறைக்கு அது போய்விட்டது. “இது என்ன எழுதியிருக்குது எண்டு பொலிஸ் கேட்டா என்னத்தைச் சொல்றது? எங்களுக்கே தெரியாதே” என்றார் மாமா. சீலையில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டார்கள். பிறகு தோண்டியபோது கறையான் முடித்திருந்தது. தொழுகைச் சட்டமா, மாலைப் பாட்டா, வைத்தியக் குறிப்பா, இனி யாருக்கும் தெரியாது. அதே கிழமை எங்கள் குடும்பத்துப் போன்களிலிருந்து எத்தனை பயான், எத்தனை படம், எத்தனை வொய்ஸ் கட் அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

அந்தப் பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அஹ்னப் ஜசீம் என்ற இளம் கவிஞர், புத்தளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 2017 இல் வெளிவந்த நவரசம் என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பைக் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளும் இருந்த நூல் அது. ஒரு நூலை வைத்திருப்பதற்கும் எழுதுவதற்கும் இவ்வளவு விலை என்றால் சனம் முந்திக்கொண்டு அழிக்கத்தான் செய்யும். பயத்தில் அழித்தவர்களைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் பயம் போன பிறகாவது என்ன போனது என்று எழுதி வையுங்கள்.

இப்போது அவசரமும் இல்லை, பயமும் இல்லை. ஆனாலும் அழிந்துகொண்டுதான் இருக்கிறது, நாங்கள் கேட்காமலே. கூகிள் போட்டோஸில் எல்லையில்லாமல் இலவசமாகப் போட்டுவைக்கும் வசதி 2021 ஜூன் 1 உடன் நின்றது. நூலகம் எரிந்து சரியாக 40 வருடம் என்பது தற்செயல், ஆனால் எனக்கு அந்தத் திகதி மறக்காது. 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் பாவிக்காத கணக்குகளை அழிக்கத் தொடங்கினார்கள். மௌத்தான உங்கள் வாப்பாவின் ஜீமெயிலை யாராவது திறந்து பார்க்கிறீர்களா? அதில் அவர் படங்கள் இருக்கின்றனவா? பேஸ்புக் 2025 பெப்ரவரியில் நேரலை வீடியோக்களை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கமாட்டோம் என்று அறிவித்தது, பழையவற்றையும் அகற்றுவதாகச் சொன்னது. எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா, ஊர்க் கூட்டம் எல்லாம் பேஸ்புக் லைவில்தான் போட்டோம். “பேஸ்புக்கில கிடக்குதுதானே” என்று சொல்லிச் சொல்லியே யாரும் இறக்கி வைக்கவில்லை. அலுமாரியில பத்திரமாகக் கிடக்குதுதானே என்று உம்மா நினைத்ததும் இதுவும் ஒன்றுதான்.

வைத்திருந்தாலும் போதாது என்பதற்கு ஒரு கதை. என் முதல் நியமனம் புத்தளம் மாவட்டத்தில். அங்கே பழுதாய்ப்போன கொம்பியூட்டர்களைக் கழிக்கப்போகிறோம், உள்ளே ஏதாவது தேவையென்றால் எடுங்கள் என்றார்கள். திறந்தால் நூற்றுக்கணக்கான ஃபைல்கள், எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஏதோ ஒரு பாஷை. வைரஸ் என்று நினைத்து மற்ற ரீச்சர் அழிக்கப் பார்த்தார். எனக்கு என்ன என்று விளங்கியது, ஏனென்றால் எங்கள் காலத்து வினாத்தாள் எல்லாம் அதில்தான் அடித்தார்கள். பாமினி எழுத்துரு. யுனிகோட்டில் தமிழ் 1991 இலேயே சேர்ந்துவிட்டாலும் எங்கள் நாட்டில் அதற்குப் பிறகும் வருடக்கணக்காகப் பாமினிதான். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரியாது. மாற்றிப் பார்த்தால், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்காகப் பின்நேரம் நடந்த வகுப்புகளின் பெயர்ப் பட்டியல். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், யாழ்ப்பாணத்து விலாசம், இப்போதைய முகாம். ஓரிடத்தில் என் பெயரும் இருந்தது. வைரஸ் என்று அழிந்திருந்தால் நான் எந்த முகாமிலிருந்து படிக்கப் போனேன் என்பதற்கு என்னிடம் எழுத்து இல்லை.

இன்னொரு குறை, பெயர் இல்லாத படம். ஊர் வட்ஸ்அப் குழுவில் பழைய படங்கள் வரும்போது எல்லாரும் “மாஷா அல்லாஹ்” போடுகிறோம். யார், எந்த வருடம், யார் எடுத்தது, யாரிடமிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஹதீஸ் படித்த சமூகம் நாங்கள். யார் சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற ஸனத் இல்லாமல் ஒரு வார்த்தையை ஏற்காத அறிஞர்களின் வழியில் வந்தவர்கள். படத்துக்கு மட்டும் ஸனத் தேவையில்லையா? வட்ஸ்அப்பில் வந்த படத்தின் ஃபைல் பெயரில் ஒரு திகதி இருக்கும். அது அனுப்பிய திகதி, எடுத்த திகதி அல்ல. எடுத்த திகதி, இடம் பற்றிய விவரத்தை வட்ஸ்அப் கழற்றிவிடுகிறது, படத்தின் தரத்தையும் குறைத்துவிடுகிறது. படமாக அனுப்பாமல் டொகியூமென்டாக அனுப்பினால் மூலப்படி அப்படியே போகும்.

எங்கள் வீட்டில் இப்போது நான் செய்வது இதுதான். காலை வணக்கம், ஜும்ஆ முபாரக் படங்கள் அன்றைக்கே போகும். ஒரு கலியாணத்தில் எடுத்த 600 படத்தில் 20 ஐ மட்டும் வைக்கிறேன், மாப்பிள்ளை பெண்ணை விட வந்திருந்த மூத்தவர்கள் தெளிவாகத் தெரிகிற படங்களாகப் பார்த்து. சாப்பாட்டுப் படம் ஒன்று போதும், எங்கள் ஊர்ச் சஹன் சாப்பாடு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். குரல் பதிவுகளை நான் இப்போது அழிப்பதே இல்லை. கடதாசிகளை வெளிச்சத்தில் வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடிக்கிறேன். பின்பக்கத்தில்தான் பெரும்பாலும் பெயர் இருக்கும். எல்லாம் மூன்று இடத்தில்: என்னிடம் ஒரு டிரைவ், பாணந்துறையில் மச்சியிடம் ஒரு டிரைவ், இணையத்தில் ஒன்று. நொத்தாரிசுக் கணக்கு.

மச்சி என்று சொன்னேன். போன வருடம் அவருடைய பழைய போனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துடைத்தபோது எனக்கு எடுத்துச் சொன்னார், “நீ அனுப்பின உம்மம்மாட வொய்ஸ் ஒண்டு கிடக்குது, வேணுமா?” என்று. 2018 நோன்பில் நான் அனுப்பியது. எனக்கே ஞாபகமில்லை. 4 நிமிடத் துண்டு. ஒலிபெருக்கி வந்தது, மைதானத்துக்குப் போனது, அலுமாரியைப் பூட்டினது எல்லாம் இருக்கிறது. “இரு புள்ள, கஞ்சி அடிப்பிடிக்குது போல” என்பதோடு முடிகிறது.

மற்ற 7 நிமிடத்தில்தான் வழியில் நடந்தவை இருந்தன. வவுனியாவுக்குப் போகும் வழியில் ஒரு தமிழ்க் குடும்பம் எனக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணி தந்ததாம். அந்த வீட்டுக்காரரின் பெயரையும் ஊரையும் உம்மம்மா சொன்னார். நான் கேட்டேன், பதிந்தேன், பதிந்துவிட்டோம் என்ற தைரியத்தில் மறந்துவிட்டேன். உம்மாவுக்கு ஞாபகமில்லை. வாப்பாவுக்கும் இல்லை.

இனி வேண்டுகோள். டிசம்பர் விடுமுறை முழுவதும் நான் யாழ்ப்பாணத்தில்தான். என்னிடம் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. 1990 க்கு முந்திய எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு கடை பில், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, கலியாண அழைப்பிதழ், பள்ளிவாசல் சந்தாத் துண்டு, கூப்பன் மட்டை, எதுவானாலும், இன்பொக்ஸில் சொல்லுங்கள். நான் வீட்டுக்கே வருகிறேன். மூலத்தை உங்கள் கையிலிருந்து எடுக்கமாட்டேன், உங்கள் முன்னாலேயே படியெடுத்து உங்கள் போனுக்கும் ஒன்று போட்டுத் தருவேன். எதை வெளியில் போடலாம், எதைப் போடக்கூடாது என்பது உங்கள் விருப்பம். புத்தளத்தில், தில்லையடியில் இருக்கிறவர்களுக்கு ஜனவரி முதல் கிழமை வருகிறேன். மூத்தவர்கள் இருக்கிற வீடுகளுக்கு முதலில். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலை இருந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அவர்கள் எழும்பத் தேவையில்லை.